பீடமும் தேர்தல் மேடையும்: கேள்வி பதில்

பதிலளிப்பவர் புதுச்சேரி வழக்கறிஞர், முன்னாள் பங்குப்பேரவை உறுப்பினர்.

நெல்லித்தோப்பு வாசகர்: பங்குத்தந்தை மறையுரையில் அரசியல் பேசலாமா?

மக்களின் துயரத்தைப் பேசலாம். கட்சியையும் சின்னத்தையும் பேசக் கூடாது. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு, திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் கட்டுண்டதல்ல என்று சொல்லிவிட்டு, மனித உரிமை கேட்குமிடத்தில் அரசியல் குறித்தும் அறநெறித் தீர்ப்புச் சொல்லும் உரிமை அதற்கு உண்டு என்கிறது. ஆனால் ஆலய வளாகத்தில் அரசியல் கூட்டம் மட்டும் வைக்காதீர்கள். சமய நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. ஒரு தேர்தலின்போது வேட்பாளர் ஒருவர் பொன்னாடையோடு, குருக்கள் திருவுடை அணியும் அறையான சக்ரீஸ்து வரை வந்துவிட்டார். எங்கள் பங்குத்தந்தை திருவுடையைக் கூடக் கழற்றாமல் அவரைத் தெருவாசல்வரை அழைத்துச் சென்று வழியனுப்பினார்.

கடலூர் முதுநகர் வாசகர்: "நம்மவருக்கே ஓட்டு" என்று கேட்டால்?

தேர்தலே செல்லாமல் போகலாம். வேட்பாளரின் மதத்தை மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சுட்டி வாக்குக் கேட்பதும் முறைகேடு என்று, 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

வில்லியனூர் வாசகர்: குருவானவர் தேர்தலில் நிற்கலாமா?

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 285ஆம் விதி தடுக்கிறது. நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் உங்கள் பேராயரைக் கேளுங்கள்.

அரியாங்குப்பம் வாசகர்: தலித் கிறிஸ்தவர்களின் உரிமைக்காக ஆகஸ்ட் 10இல் சபைகள் கறுப்பு நாள் அனுசரிப்பது அரசியல் இல்லையா?

அது அரசியல்தான், செய்ய வேண்டிய அரசியல். 1950இல் அதே நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஒரே சேரியில், ஒரே வாய்க்கால் ஓரத்தில் வாழும் அண்ணன் தம்பி இருவரில், ஞானஸ்நானம் பெற்றவருக்கு மட்டும் சாதிச் சான்றிதழ் மாறிவிடுகிறது. ஊரார் அவரை நடத்தும் விதமோ மாறுவதில்லை. மதத்தோடு இந்த உரிமையை முடிச்சுப் போட வேண்டாம் என்று மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் ஆணை மாறவில்லை.

அதே வாசகர்: சபைக்குள்ளேயே சாதியை வைத்துக்கொண்டு அரசிடம் கேட்பது எப்படி?

நியாயமான கேள்வி, இதில் நாம் தலைகுனிய வேண்டும். புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையர்களைப் பிரித்து எழுப்பியிருந்த சுவர், அவர்கள் முறையிட்டதால் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை 1745இல் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தனிக் கல்லறைகள் இன்றும் உள்ள பங்குகள் உண்டு. அவற்றை ஒழிப்பதும் அரசிடம் கேட்பதும் ஒருசேர நடக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

மஞ்சக்குப்பம் வாசகர்: ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய முற்றத்தில் வேட்பாளரைப் பேச விடலாமா?

முதல் பதிலை மீண்டும் படியுங்கள். முற்றமும் வளாகமே. அவர் வாடகை மண்டபத்தில் பேசட்டும். விரும்புவோர் அங்கே போய்க் கேட்கட்டும்.