ஏட்டில் ஏறாத ஆட்டம்

அன்புள்ள ஐயா,

இருபத்திரண்டு வருடமாகக் கனடாவில், ரொறொன்ரோ ஸ்காபரோவில் இருக்கிறேன். உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிப்பவன். மகனுக்குப் பதினைந்து வயது. பாடசாலை பாஸ்கெட்போல் அணியில் கார்ட், பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற இடம். காலை ஆறரைப் பயிற்சிக்கு நான்தான் ஏற்றி இறக்குகிறேன். அவன் தன் அறையில் ஒட்டி வைத்திருப்பது என்.பி.ஏ. என்கிற தொழில்முறை லீக்கில் ஆடுகிற இந்தியானா பேசர்ஸ் அணியின் அன்ட்ரூ நெம்பார்ட் படம். இங்கே பக்கத்தில், ஒறோறாவில் பிறந்தவராம். 2024-25 சீசனில் அவருடைய சராசரியைப் பார்த்தேன். ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளி, ஐந்து அசிஸ்ட், அதாவது மற்றவர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்து. "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். மகன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அவர் அவ்வளவு கெட்டிக்காரர் என்றால் ஏன் ஒருவரும் பேசுவதில்லை? கனடாக்காரர் என்பதாலா? மகனும் அவரைப் பார்த்துப் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். ஒரு ஆட்டத்தில் நாலு புள்ளி, இன்னொன்றில் ஆறு. எல்லாவற்றையும் ஃபோனில் குறித்து வைத்திருக்கிறேன். உயரமும் குறைவு. கூடைக்கு எறியப் பழக்குகிற தனிப் பயிற்சியாளர் ஒருவரிடம் விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் இரண்டு நாள் பேசாமல் இருந்தது குறைவு. ஒரு வாரம் இருந்திருக்கலாம்.

கனடா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் ஒன்றுமில்லை. ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் ஹாமில்டனில் வளர்ந்த பையன். 2025-இல் சீசனின் சிறந்த ஆட்டக்காரர், இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்று இரண்டு பட்டத்தையும் அள்ளிக்கொண்டு போனார். அவருக்கு இருபது வருடம் முன்பே ஸ்டீவ் நாஷ் அடுத்தடுத்து இரண்டு முறை சிறந்த ஆட்டக்காரர். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நைஸ்மித்தே உங்கள் ஒன்டாரியோக்காரர்தான். உயரத்தையும் விடுங்கள். பதினைந்து வயதுப் பையனை வாரா வாரம் அளந்து பார்ப்பது, நட்ட தென்னம்பிள்ளையைத் தினமும் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்க்கிற கதை.

மற்றதற்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் பரணைச் சுத்தம் செய்தோம். ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் நாற்பது வருடப் பழைய ஸ்கோர்ஷீட்டின் கார்பன் நகல்கள் கிடைத்தன. என் கையெழுத்து. அன்றிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. இந்தப் பதில் கொஞ்சம் எங்கெங்கோ போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெம்பார்ட் 2022 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில், 31-ஆவதாக எடுக்கப்பட்டவர். முதல் சுற்று முப்பதோடு முடிந்துவிடும். அதற்கு முந்தைய சீசனில் பேசர்ஸ் 82 ஆட்டங்களில் வென்றது 25. அவர் வந்த சீசனில் 35, அடுத்து 47, அடுத்து 50. அந்த வருடமே இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். இவர் ஒருவரால் நடந்தது என்று சொன்னால் அணியின் நட்சத்திரம் ஹாலிபர்டனும், உங்கள் டொராண்டோ ராப்டர்ஸ் அணியிலிருந்து போன சியாக்கமும், பயிற்சியாளர் கார்லைலும் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

ஆனால் 2025 ஜூன், ஓக்லஹோமா சிட்டியில் நடந்த அந்த இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே அந்த சீசனில் 68 ஆட்டம் வென்ற ஷேயின் அணி. பேசர்ஸ் முதல் பாதியில் மட்டும் 19 முறை பந்தைத் தொலைத்தது. ஆட்டம் முடிய 0.3 நொடி இருக்கும்போது ஹாலிபர்டன் எறிந்தது விழுந்து 111-110. அந்த இரவில் பேசர்ஸ் முன்னால் இருந்தது அந்த 0.3 நொடிதான். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த எறிதல். அதற்குப் பத்து நொடி முன்னால் நடந்ததைப் பாருங்கள். ஒரு புள்ளி முன்னிலையில் ஓக்லஹோமா. பந்து ஷே கையில். எதிரே நெம்பார்ட். இரண்டு பேரும் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே கனடா சட்டை போட்டவர்கள். ஷே எம்பி எறிந்தார், விழவில்லை. பேசர்ஸின் நெஸ்மித் பிடித்தார். அது விழுந்திருந்தால் ஹாலிபர்டனின் எறிதல் யாருக்கு வேண்டும்?

ஷே அன்றைக்கு 38 புள்ளி எடுத்தாரே, இது என்ன தடுப்பு என்பீர்கள். எடுத்தார். 30 முறை எறிந்து, 14-ஐ உள்ளே போட்டு எடுத்தார். முப்பது முறை எறியவைப்பது ஒரு வேலை. ஒருவர் ஸ்கிரீன் போட்டு வழி மறிப்பார், அதைச் சுற்றிக்கொண்டு ஓடி, மூச்சு வாங்க, மறுபடி அதே ஆள் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதையே நாற்பது தடவை. பிறகு தன் அணி பந்தை எடுத்ததும் அதே காலோடு பந்தையும் தட்டிக்கொண்டு போக வேண்டும். இதற்கு எந்தப் பட்டியலில் கட்டம் இருக்கிறது?

புள்ளி எடுக்கத் தெரியாதவர் என்றும் நினைக்க வேண்டாம். 2024 அரையிறுதியில் பாஸ்டனுக்கு எதிரான மூன்றாம் ஆட்டத்தில் ஹாலிபர்டன் காயத்தால் இல்லை. நெம்பார்ட் 32 எடுத்தார். கடைசி நொடிகளில் பாஸ்டனின் ஜ்ரூ ஹாலிடே அவர் கையிலிருந்தே பந்தைப் பறித்தார், ஆட்டம் போயிற்று. ஏட்டில் 32 அப்படியே இருக்கிறது.

ஏடு என்பது இவ்வளவுதான். அந்தக் காலத்து பாஸ்டன் ஆட்டக்காரர் பில் ரஸ்ஸல் பதினோரு முறை சாம்பியன். எதிராளி எறிகிற பந்தைக் காற்றிலேயே தட்டுவதில் அவரைப் போல யாருமில்லை என்பார்கள். அதற்கு பிளாக் என்று பெயர். மொத்தம் எத்தனை பிளாக்? சொல்ல முடியாது. என்.பி.ஏ. பிளாக்கையும், பந்தைப் பறிக்கிற ஸ்டீலையும் எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில். ரஸ்ஸல் அதற்கு நாலு வருடம் முன்பே ஆடி முடித்துவிட்டார். கட்டம் போடாத தாளில் உலகத்தின் மிகப் பெரிய தடுப்பாட்டக்காரனுக்குக்கூட இடமில்லை என்றால், உங்கள் ஃபோனில் உங்கள் பையனுக்கு என்ன இருக்கும்?

இப்போது அந்தக் கார்பன் நகல். மே மாதத்துப் பெரியகுளம் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் கூடைப்பந்து என்றால் ஊரே கோர்ட்டைச் சுற்றி நிற்கும். எங்கள் ஊர் அவ்வளவு பெரிதில்லை. சிமெண்ட் கோர்ட், நாலு கம்பத்தில் விளக்கு, கம்பி வேலி. 1986-இல் எனக்குப் பதினாறு வயது. ஆட வராது, ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும், அதனால் ஸ்கோர் மேசையில் உட்காரவைத்தார்கள். அப்போது இரண்டு பாதி, பாதிக்கு இருபது நிமிடம். ஒரு பாதிக்குச் சிவப்பு மை, ஒரு பாதிக்கு நீலம். யார் போட்டது, யார் ஃபவுல், எப்போது டைம் அவுட். அவ்வளவுதான் எழுத இடம். யார் கொடுத்தது என்பதற்குக் கட்டம் கிடையாது.

எங்கள் அணியின் கார்ட் என் சிநேகிதன். பகலில் தையல்கடையில் காஜா போடுவான், சாயங்காலம் கோர்ட். பந்து அவன் கையில் ஒரு நொடிகூடத் தங்காது. வாங்கும்போதே அடுத்தது யாருக்கு என்று முடிவாகியிருக்கும். கூடைக்குப் பக்கத்தில் நிற்கிற எங்கள் சென்டர் இருபத்தெட்டு, முப்பது என்று போடுவான், முக்கால்வாசி இவன் கொடுத்தது. அந்த வருடம் மாவட்ட ஜூனியர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வு செய்ய வந்தவர்கள் பாதி ஆட்டம் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், பிறகு என்னிடம் ஸ்கோர்ஷீட்டை வாங்கிக் கூட்டினார்கள். சிநேகிதன் பெயருக்கு நேரே நாலு, ரெண்டு, ஆறு, நாலு.

"இவன் என்னப்பா, சும்மா ஓடிட்டே இருக்கான்" என்றார் ஒருவர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். அவரே தாளைத் திருப்பித் தரும்போது "கையெழுத்து முத்து முத்தா இருக்கு தம்பி" என்றார். எனக்கு அந்தச் சந்தோஷம் போதுமாக இருந்தது. சென்டர் பெயர் வந்தது. இவன் பெயர் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவன்தான் எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான். தாளைக் காட்டச் சொன்னான். மேலும் கீழும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "நான் குடுத்ததை எழுத இதுல எடமே இல்லையாடா?"

இரண்டு வருடம் கழித்துத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

நீங்கள் ஃபோனில் செய்துகொண்டிருப்பது நான் 1986-இல் செய்த அதே வேலை. எனக்காவது பதினாறு வயது, ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் பேட்டா. உங்களுக்கு யார் பேட்டா கொடுக்கிறார்கள்? பெற்ற பிள்ளைக்கு எதிரில் கேலரியில் உட்கார்ந்து கணக்குப்பிள்ளை உத்தியோகம் பார்க்க வெட்கமாக இல்லையா? பந்தைக் கொடுத்துவிட்டு அவன் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். நீங்கள் அப்போது குனிந்து ஃபோனில் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்காபரோ பனியில், விடிவதற்கு முன் காரைச் சூடாக்கி, பிள்ளையை ஜிம்மில் இறக்கிவிடுகிற தகப்பனைத் திட்ட எனக்கு உரிமை கிடையாது. என் அப்பா ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு ஃபோனைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். கஷ்டமாக இருக்கும், கண் தானாக அதன் பின்னால் ஓடும். பையனை மட்டும் பாருங்கள். கொடுத்து முடித்தபின் எங்கே ஓடுகிறான், அவன் ஓடியதால் யாருக்கு வழி திறக்கிறது, அவன் காக்கிற பையன் எத்தனை தடவை எறிய முடியாமல் பந்தை வேறு ஆளுக்குத் தள்ளிவிடுகிறான். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

தனிப் பயிற்சியாளர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை அவனிடம் கேளுங்கள். இப்போது பேசுகிறான் அல்லவா?