கௌச்சோவும் அர்ஜென்டினாவும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அர்ஜென்டினாவைப் பற்றிய தங்கள் கட்டுரையில் கௌச்சோவை அந்நாட்டின் அடையாளம் என்று எழுதியிருந்தீர்கள். பம்பா புல்வெளியில் குதிரையேறித் திரிந்த அந்த மனிதர்கள் என்றோ மறைந்துவிட்டார்கள். இன்று எஞ்சியிருப்பது சுற்றுலாப் பயணிகளுக்கான வேடம்தானே? மேல்தட்டினர் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்ட பொம்மையை ஒரு தேசத்தின் அடையாளம் என்பது சரியா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் ஐயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது பாதி வரலாறுதான்.

கௌச்சோவைப் பின்னாளில் போற்றிய அதே நாடுதான் முதலில் அவனைக் குற்றவாளியாக்கியது. காட்டு மாடுகளைப் பிடித்துத் தோலை விற்று, எவரிடமும் கைகட்டி நிற்காமல் வாழ்ந்தவன் அவன். குதிரைக்குட்டியின் பின்னங்கால் தோலைக் கிழிக்காமல் உரித்து, ஈரம் காயுமுன் தன் காலில் மாட்டிக்கொள்வான்; அது காலின் வடிவத்திலேயே இறுகிக் காலணியாகும். அதன் முனை திறந்திருக்கும். வெளியே நீளும் விரல்களால் அங்கவடியைப் பற்றிக்கொள்வான். 1815இல் புவனோஸ் அயர்ஸ் ஆளுநர் பிறப்பித்த ஆணை, சொத்தில்லாத நாட்டுப்புறத்தான் ஒவ்வொருவனும் முதலாளியிடம் வேலைச்சீட்டு வாங்கி மூன்று மாதத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றது. சீட்டில்லாதவன் நாடோடி, அவனுக்குத் தண்டனை ஐந்தாண்டுப் படைச்சேவை. பிறகு முள்கம்பி வேலி வந்து புல்வெளியைப் பண்ணைகளாகப் பிரித்தது.

ஹோசே எர்னாண்டஸ் 1872இல் வெளியிட்ட ‘மார்த்தீன் ஃபியேரோ’ என்னும் கதைப்பாடல், ஒரு கௌச்சோவின் வாய்மொழியாக இந்த அநீதிக்கு எதிராக எழுந்த முறையீடு. வலுக்கட்டாயமாக எல்லைக் கோட்டைக்கு அனுப்பப்பட்ட ஒருவன் தப்பித் திரும்பும்போது வீடு பாழாகி, மனைவி மக்கள் சிதறிப்போயிருப்பதைக் காணும் கதை அது. ஆறே ஆண்டுகளில் பதினொரு பதிப்புகளாக 48,000 பிரதிகள் அச்சாயின. எழுத்தறியாதவர்கள் பிறர் வாசிக்கக் கேட்டார்கள். அதே நூலை 1913இல் கவிஞர் லியோபோல்டோ லுகோனெஸ், குடியரசுத் தலைவரும் அமர்ந்திருந்த அரங்கில், தேசத்தின் காவியம் என்று நிறுவினார். அப்போது நாட்டில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். வேலைநிறுத்தம் செய்த இத்தாலிய, ஸ்பானியத் தொழிலாளர்களைக் கண்டு மேல்தட்டினர் அஞ்சியிருந்தார்கள். அரசின் கொடுமையைப் பாடியவனையே அரசின் சின்னமாக்கி, புதிதாய் வந்தவர்களுக்கு எதிரில் நிறுத்தினார்கள். இதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் லுகோனெஸுக்கு ஏறக்குறைய முப்பதாண்டுகள் முன்பே, 1884இல், ஹுவான் மொரெய்ரா என்னும் கௌச்சோவின் கதை சர்க்கஸ் கூடாரத்தில் ஊமைக்கூத்தாக ஆடப்பட்டது. காவலர்களோடு கத்தியேந்திப் போராடி மடியும் அந்த வேடத்தை ஏற்றவர் ஹோசே போதெஸ்தா. ஜெனோவாவிலிருந்து குடியேறியவர்களின் மகன். பின்னர் வசனம் சேர்ந்து ஊர் ஊராகச் சென்ற அந்நாடகத்தைப் பார்த்த குடியேறிகளின் பிள்ளைகள் கார்னிவல் நாட்களில் கௌச்சோ உடையணிந்து திரிந்தார்கள். யாரை விலக்கிவைக்க அந்தச் சின்னம் பயன்பட்டதோ, அவர்களே அதை முன்னரே சொந்தமாக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

இன்றும் கொரியெந்தெஸ் மாகாணத்தின் மெர்செதெஸ் நகரருகே ஜனவரி 8 அன்று கௌச்சித்தோ கில் என்னும் கௌச்சோவை வணங்கப் பெருங்கூட்டம் கூடுகிறது. படையிலிருந்து ஓடிப்போனதற்காகக் கொல்லப்பட்டவர் என்று மக்கள் சொல்லும் அவர், திருச்சபை புனிதராக அறிவிக்காதவர். ஆயினும் அவருடைய செங்கொடி கட்டிய சிறு கோயில்களை நாடெங்கும் சாலையோரங்களில் காணலாம். இதையும் மேல்தட்டினர் செய்த பொம்மை என்று சொல்ல முடியுமா?

கௌச்சோக்கள் மறைந்துவிட்டார்கள் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. மாட்டுப் பண்ணைகளில் குதிரையேறி வேலை செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் மனத்தாங்கல் வேறு. அரங்கில் அவர்களுடைய முன்னோர் காவிய நாயகர்களாகி முப்பதாண்டுகளுக்குப் பிறகே, 1944இல், பின்னாளில் குடியரசுத் தலைவரான பெரோன் தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்தபோது வந்த பண்ணைத் தொழிலாளர் சட்டம்தான், குறைந்தபட்சக் கூலியையும் ஓய்வுநேரத்தையும் தகுந்த இருப்பிடத்தையும் அவர்களுக்கு உரிமையாக்கியது. பண்ணை முதலாளிகள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள்.