நின்றால் சூடேறும் கார்: ஃபேன் மோட்டாரை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

நான்குவழிச் சாலையில் எவ்வளவு தூரம் ஓடினாலும் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது, நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் மேலே ஏறிவிடுகிறது, அப்போது ரேடியேட்டர் ஃபேன் சுற்றுவதில்லை, மெக்கானிக் மோட்டாரை மாற்றச் சொல்கிறார், மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஃபேன் சுற்றவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். அதனாலேயே மோட்டார் கெட்டுவிட்டது என்று ஆகிவிடாது. அந்த வேறுபாட்டை அறியாமல் நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் செங்கோட்டையில் வசிக்கிறேன். அக்காவைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருப்பதால் மாதத்துக்கு இரண்டு முறையாவது புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போய்வருவோம். புளியரையை விட்டு மலையேறத் தொடங்கியதும் எஸ் வளைவு வரும். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறும்; சபரிமலைக் காலத்தில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். சமவெளியில் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து சூட்டை எடுத்துச் சென்றுவிடுவதால் ஃபேனுக்குப் பெரிய வேலை இல்லை. மலையில் முதல் கியரில் லாரிக்குப் பின்னால் ஏறும்போதோ, இன்ஜின் முழுப் பாரத்தையும் இழுத்து அதிகமாகச் சூடாகிறது, எதிர்க்காற்றோ இல்லவே இல்லை; அந்த நேரத்தில் வண்டியைக் காப்பாற்றுவது ஃபேன் ஒன்றுதான்.

ஒரு கார்த்திகை மாத மாலையில், அம்மாவும் உடன் இருந்தபோது, அந்த வளைவில்தான் எங்கள் கார் சூடேறியது. ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து அதன் ஊதுகாற்றையும் முழு வேகத்துக்குத் திருப்பினேன். ஹீட்டரும், இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலண்ட் ஓடும் ஒரு சிறு ரேடியேட்டர்தான் என்பதால் அது இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கை வண்டிக்குள் இழுத்துக் கொட்டிவிடும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேதனைதான், ஆனாலும் சாலை அகலமாகும் இடம்வரை போய் ஒதுங்க அது உதவியது. பானட்டைத் திறந்தபோது கூலண்டின் இனித்த வாடை முகத்தில் அடித்தது. ஃபேன் அசையாமல் நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. இதை உங்களிடம் வலியுறுத்தியே ஆக வேண்டும். மூடி உள்ளே ஏறக்குறைய 0.9 பார் அளவுக்கு அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், வெறும் தண்ணீராக இருந்தாலும் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் விழுந்து, அது ஒரே நொடியில் கொதித்து முகத்துக்கும் கைக்கும் பீறிட்டு வரும். சூடான இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் தவறு. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடலாம்.

மறுநாள் ஒரு பணிமனையில் புது மோட்டார் போட்டார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடி, மறுபடியும் நின்றது. அதன் பிறகுதான் எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். இன்ஜினைச் சூடாக்கி, ஃபேனுக்குச் சப்ளை வந்தாக வேண்டிய நிலையில் அதன் வயர்கள் சேரும் இணைப்பான கப்ளரைக் கழற்றி மீட்டரை வைத்தபோது 12.3 வோல்ட் காட்டியது. கரண்ட் வருகிறதே, அப்படியானால் மோட்டார்தானே என்று கேட்டேன். "மீட்டருக்கு அப்படித்தான் தெரியும் தம்பி, பல்பைப் போட்டுப் பாப்போம்" என்று சொல்லி, பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைச் சுற்றி அதே கப்ளரில் செருகினார். பல்பு எரியவில்லை, அதன் இழை மட்டும் அணையப்போகும் பீடியின் நுனிபோல் சிவந்தது. அடுத்து, எர்த் பக்க வயரை, அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பிப் போகும் பக்கத்தின் வயரை, மட்டும் எடுத்து நேராக பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வைத்தார். பல்பு பளீரென்று எரிந்தது.

அந்தக் கறுப்பு வயரைத் தொடர்ந்து போனால் பேட்டரித் தட்டுக்குக் கீழே பாடியில் ஒரு போல்ட்டில் முடிந்தது. வயர் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அவர் விரலால் சற்றே அசைத்ததும் அது கையோடு வந்துவிட்டது. உள்ளே நாலைந்து செப்பு இழைகள் மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. மீட்டர் மிகச் சிறிய கரண்டையே எடுத்துக்கொள்வதால் அந்த நாலு இழையே அதற்குப் போதும், முழு வோல்ட்டையும் காட்டிவிடும்; பத்து, இருபது ஆம்பியர் கேட்கும் ஃபேன் மோட்டாருக்கு அது போதாது. மோட்டாரை மாற்றியபோது வயர் அசைந்து தற்காலிகமாக நல்ல தொடர்பு கிடைத்ததால்தான் இரண்டு வாரம் ஓடியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, வயர் முனைக்குப் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, வாசலின் தடவி முறுக்கினார். கூலியோடு சேர்த்தும் மோட்டார் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை.

உங்கள் வண்டியில் முதலில், காலையில் இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் அளவைப் பாருங்கள். அளவு குறைந்து, சூட்டை அளக்கும் சென்சார் இருக்கும் இடத்தில் காற்று புகுந்துகொண்டால், இன்ஜின் கொதித்தாலும் சென்சாருக்குச் சூடு சரியாகத் தெரியாது, ஃபேனுக்கு உத்தரவும் போகாது. அளவு சரியாக இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேனும் சுற்றும். ஒரே ஃபேன் உள்ள காரில் அது சுற்றினால் மோட்டாரும் எர்த்தும் பெருமளவு நன்றாக இருப்பதாகக் கொள்ளலாம், சந்தேகம் சென்சார் பக்கம் திரும்புகிறது. இரண்டு ஃபேன் உள்ள வண்டியில் ஏசிக்கு உரியது மட்டும் சுற்றலாம் என்பதால் எது சுற்றுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியருக்கு ஒன்று போட்டுப் பாருங்கள், ஒருபோதும் பெரியது போடாதீர்கள். மறுபடியும் போனால் மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது வயர் எங்கோ உரசுகிறது. ரிலே என்பது சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்; அதைச் சோதிக்க, அதே எண்ணும் அதே கால் அமைப்பும் உள்ள ஹார்ன் ரிலேயை இடம் மாற்றிப் போட்டால் போதும். சென்சாருக்கு ஒரு எளிய சோதனை உண்டு: இன்ஜின் ஓடும்போது அதன் கப்ளரைக் கழற்றினால், பல கார்களில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் பாதுகாப்புக்காக ஃபேனைத் தானாகவே ஓடவிடும். அப்படி ஓடினால் மோட்டார், ரிலே, எர்த் மூன்றும் வேலை செய்கின்றன. இன்ஜின் விளக்கு எரியும். பயப்பட வேண்டாம், கோளாறுக் குறியீட்டைப் பிறகு அழித்துக்கொள்ளலாம்.

இவற்றுக்குப் பிறகுதான் மோட்டார். அதன் கப்ளரைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயர் மூலம் பேட்டரியிலிருந்து டைரக்ட் சப்ளை கொடுங்கள். அப்போதும் சுற்றவில்லை என்றால் அது மோட்டாரின் குறைதான். மோட்டாரின் முதுகில் ஒரு மரக்கட்டையால் மெல்லத் தட்டும்போது சுற்றத் தொடங்கினால், மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கிறது. பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும், ஆகவே கப்ளரைக் கழற்றாமல் இறக்கைகளுக்கு அருகே கையைக் கொண்டுபோகாதீர்கள்.

மோட்டாரை மாற்றியே ஆக வேண்டியிருந்தால், மாற்றிய பிறகு ஒரு செய்தித்தாள் பக்கத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்துப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் காரில் தாள் உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் வயர்கள் மாறிவிட்டன. ஃபேன் எதிர்க்காற்றோடு மோதிக்கொண்டிருக்கும்.

டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து ஃபேனுக்கு நேரடியாகக் கொடுத்துவிடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். வீடு போய்ச் சேரும் அவசரத்துக்கு, ரிலேயும் ஃபியூஸும் சேர்த்துச் செய்தால் அதை ஏற்கலாம். நிரந்தரமாக ஏற்க மாட்டேன். ஓட்டுபவர் ஒரு முறை மறந்தால் இன்ஜின் போகும், சிறிய சுவிட்சில் அத்தனை கரண்டையும் ஓடவிட்டால் அது உருகித் தீப்பிடிக்கவும் கூடும்.

ஏற்கெனவே ஒரு முறையாவது கொதித்திருந்தால், ஃபேனைச் சரிசெய்ததோடு நிறுத்திவிடாமல் ஆயில் டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ, கூலண்டில் ஓயாமல் குமிழிகள் வந்தாலோ ஹெட்டுக்குக் கீழே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கக் கூடும். அந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது.

எல்லாம் முடிந்ததும், ஏசி இல்லாமல் வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கித் தானாக நிற்பதை மூன்று முறையாவது பார்த்த பிறகு நெரிசலுக்குள் கொண்டுபோங்கள். நான் இன்றும் புளியரையில் தேநீருக்காக நிறுத்தும்போது இன்ஜினை உடனே அணைப்பதில்லை. அம்மா தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஃபேன் ஒரு முறை சுற்றி நிற்கும் சத்தத்தைக் கேட்ட பிறகே வளைவில் ஏறுகிறேன்.