தலையாட்டினால் ஒப்புக்கொண்டதாக அர்த்தமா?

தம்பி, வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஆபீஸில் வேலை முறையையே மாற்றுகிறார்கள், உள்ளூர்க்காரர்கள் மீட்டிங்கில் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுகிறார்கள், நானும் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வீடு, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம். அதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறு, உங்கள் ஹெச்.ஆரிடமே கேளுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

வந்த புதிதில் நாம் எல்லாவற்றுக்கும் சரி என்போம். விசா வேலையோடு கட்டியிருக்கும்போது வேறென்ன சொல்வது? மேனேஜர் அதைப் பார்த்து "இவர் மாற்றத்துக்குத் தயார்" என்று நினைத்துக்கொள்வார். தயாரும் இல்லை, ஒன்றும் இல்லை, பயம்.

இதில் நம்மவர்கள் சிலர்மேல் எனக்குத் தீராத எரிச்சல். உள்ளே முதல் ஆளாகத் தலையாட்டிவிட்டு, வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்று அதே திட்டத்தைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். எதிர்த்துப் பேசிய உள்ளூர்க்காரர் இவர்களுக்குச் சோம்பேறி! பேசினால் வேலை போகாது என்ற தைரியம் அவருக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

மாற்றத்தை ஒருவர் ஏற்பதும் ஏற்காததும் வெறும் சுபாவம் இல்லை. புதியதைக் கற்றுவிடலாம் என்ற நம்பிக்கை வேண்டும், காரணம் தெரிய வேண்டும், தன் பேச்சு எடுபட வேண்டும். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற பைஜாமா ஆலையில் நடந்த சோதனை 1948இல் வெளியானது. வேலை முறை மாறுகிறது என்று வெறுமனே அறிவித்த குழுவில் 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் விலகிவிட்டார்கள். எப்படி மாற்றலாம் என்று கலந்து பேசிய குழுக்களில் அதே 40 நாளில் ஒருவரும் விலகவில்லை. பழைய வேகத்தையும் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள்.

என் முதல் ஆபீஸில் ஓய்வை நெருங்கிய ஒரு அம்மா இருந்தார். மானிட்டரைச் சுற்றி மஞ்சள் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் பழைய சாஃப்ட்வேரின் ஒரு குறுக்குவழி. சந்தேகம் வந்தால் எல்லாரும் போய் நிற்பது அவர் மேஜையில்தான். புது சாஃப்ட்வேருக்கு முதலில் "வேண்டாம்" என்றவரும் அவரே. வயதாகிவிட்டது என்று சிரித்தார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இனி அந்த மேஜைக்கு யாரும் வர மாட்டார்களே, அதுதான் அவருக்கு வலி. மேலே யாருக்கோ புத்தி வந்து, பயிற்சிக் குறிப்பை நீங்களே எழுதுங்கள் என்றார்கள். உதவிக்கு என்னை உட்கார வைத்தார்கள். எங்கள் எல்லாருக்கும் முந்தி அந்தப் புது சாஃப்ட்வேரைக் கரைத்துக் குடித்தவர் அவர்தான்.

அவரிடம் நான் கற்றது சாஃப்ட்வேர் மட்டும் இல்லை. குரலை உயர்த்தாமல் கேட்பார்: பழைய கணக்கெல்லாம் எங்கே போகும்? தப்பு வந்தால் யார் பொறுப்பு? சீனியர்கள் வாயடைத்துப் போவார்கள்.

நீங்களும் எதிர்க்க வேண்டாம், கேளுங்கள். பயிற்சிக்கு எவ்வளவு நேரம் தருவீர்கள், பழையதும் புதியதும் எத்தனை நாள் சேர்ந்து ஓடும் என்று கேளுங்கள். இதைக் கேட்டதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை.