தபாலட்டை மூலம் விளம்பரம் அனுப்பும்போது வாசகத்தை எப்படி எழுதவேண்டும்?

கேள்வியின் சாரம் இது: நீங்கள் சுண்ணாகத்தில், வீட்டுக் கிணற்று நீரின் வன்மையை (சுண்ணாம்புத்தன்மையை) நீக்கி மென்மையாக்கும் கருவி பூட்டிக்கொடுக்கும் தொழில் தொடங்கியிருக்கிறீர்கள், சுற்றுவட்டார வீடுகளுக்கு ஆயிரம் தபாலட்டைகள் அனுப்ப எண்ணுகிறீர்கள், அதில் என்ன எழுதினால் ஆட்கள் வருவார்கள் என்று கேட்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் அச்சகமொன்றுக்கு விளம்பர வாசகம் எழுதிக்கொடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், அட்டையால் கருவியை விற்க முயலாதீர்கள். இவ்வளவு பெரிய செலவை எவரும் கையகல அட்டையொன்றைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. 1869ஆம் ஆண்டு ஒக்ரோபர் 1ஆம் திகதி ஒஸ்திரியா-ஹங்கேரியில் முதல் தபாலட்டை வெளிவந்தபோது, அதை முன்மொழிந்த பொருளியல் பேராசிரியர் இமானுவேல் ஹெர்மனின் வாதமே, நாலு வரிச் செய்திக்கு முழுக் கடிதத்தின் செலவும் சிரமமும் எதற்கு என்பதுதான். இன்றும் அட்டையின் வலிமையும் எல்லையும் அதுவே. வாசிப்பவர் செய்யவேண்டிய சிறு செயல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கடைக்கு வருவது, அல்லது தொலைபேசி எடுப்பது. உங்கள் தொழிலுக்கு அந்தச் செயல் தானாகவே அமைந்திருக்கிறது. தண்ணீரைக் கொண்டுவந்து பரிசோதித்துக்கொள்வது.

அமெரிக்க நேரடித் தபால் விளம்பரத் துறையில் எட் மேயர் என்பவரின் பெயரால் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. வெற்றியில் 40 வீதம் யாருக்கு அனுப்புகிறோம் என்பதிலும், 40 வீதம் என்ன சலுகை கொடுக்கிறோம் என்பதிலும், மிகுதி 20 வீதம் மட்டுமே எழுத்திலும் வடிவமைப்பிலும் தங்கியிருக்கிறது என்பது அது. இது அளந்து கண்ட உண்மையல்ல, அனுபவத்தில் பிறந்த மதிப்பீடு. ஆனாலும் வாசகம் எழுதிப் பிழைக்கும் எனக்கே அது சரியாகப் படுகிறது. ஆகவே வாக்காளர் பட்டியலைப் பார்த்து எல்லோருக்கும் அனுப்பாமல், உடுவில், இணுவில், மல்லாகம் ஒழுங்கைகளில் ஒருமுறை சைக்கிளில் போய், மேலே தண்ணீர்த் தாங்கி வைத்த வீடுகளையும் புதிதாகக் கட்டி முடித்த வீடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். குழாயும் குளியலறைச் சவரும் சுண்ணாம்பு பிடித்து அடைபடும் தொல்லை அவர்களுக்குத்தான் அதிகம்.

இனி வாசகம். எங்கள் ஊர் அட்டைகளில் பெரும்பாலும் மேலே கடவுள் படம், அதன் கீழே தடித்த எழுத்தில் நிறுவனத்தின் பெயர், பிறகு உரிமையாளரின் பெயர் என்று பாதி இடம் போய்விடுகிறது. (கடவுள் படம் இருந்தால் குப்பையில் போடத் தயங்குவார்கள் என்று வாடிக்கையாளர் சிலர் வாதிடுவதுண்டு. தயங்குவார்கள்தான்; ஆனால் பத்திரப்படுத்துவது வேறு, கடைக்கு வருவது வேறு.) படலையடியில் தபாற்காரரிடம் அட்டையை வாங்குபவர் வீட்டுக்குள் போவதற்குள் கண்ணில் படுவது ஒரு வரிதான். அந்த வரியில் உங்கள் பெயர் இருக்கக்கூடாது. அவருடைய வீட்டில் உள்ள ஒன்று இருக்கவேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? உங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டுவாருங்கள். அதன் வன்மையை உங்கள் முன்னாலேயே அளந்து, எழுதிக் கையில் தருகிறோம். கட்டணம் இல்லை. இந்த அட்டையுடன் வருபவர்களுக்கு ஓகஸ்ட் 31 வரை.”

இதன் கீழே கடை இருக்கும் இடம், திறந்திருக்கும் நேரம், ஒரேயொரு தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான். ‘தரமான சேவை’, ‘நம்பிக்கைக்குரிய நிறுவனம்’ போன்ற சொற்களை எந்தக் கடையும் தன்னைப்பற்றிச் சொல்லலாம் என்பதால் அவை யாரையும் அசைப்பதில்லை. கேத்தில் படிவு அப்படியல்ல. சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரைக் குடிக்கும், சுண்ணாகம் அடங்கிய வலிகாமப் பகுதியில் அது இல்லாத வீடு அரிது.

ஒரு விடயத்தில் மிகக் கவனமாக இருங்கள். சுண்ணாகம் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 காலத்தில் எழுந்தபோது அங்குள்ள மக்கள் பட்ட அச்சம் எல்லோருக்கும் தெரியும். ‘உங்கள் தண்ணீர் நஞ்சு’ என்று தலைப்பிட்டால் அட்டை பேசப்படும், ஆனால் அது அந்தப் பயத்தில் காசு பார்ப்பதாகவே கொள்ளப்படும். அதோடு, உப்பைக் கொண்டு நீரை மென்மையாக்கும் கருவி கல்சியத்தையும் மக்னீசியத்தையும்தான் பிடிக்கும். எண்ணெயையோ, தோட்ட உரத்தால் கிணற்றில் சேரும் நைத்திரேற்றையோ அகற்றாது. கருவி செய்யாத வேலையை அது செய்வதுபோல் தோன்றவைக்கும் ஒரு சொல்கூட அட்டையில் வரக்கூடாது.

இன்னொன்று, எங்கள் வீடுகளுக்கே உரியது. அட்டையை வாசிப்பவர் தாயாக இருப்பார், காசு அனுப்புபவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள பிள்ளையாக இருப்பார். ஆகவே முக்கியமான எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்குங்கள். தாய் அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் பிள்ளைக்கு விடயம் முழுதாக விளங்கவேண்டும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களையும் ஒட்டிப் பலர் ஊருக்கு வருவதால், கொடியேற்றத்துக்கு முன்னரே அட்டை வீடு சேர்வது நல்லது. இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் காலம் அது. எழுத்து, வயதானவர் கண்ணாடி இல்லாமல் வாசிக்கும் அளவில், வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும். ஏ6 அளவில், அதாவது 105க்கு 148 மில்லிமீற்றரில், ஐம்பது அறுபது தமிழ்ச் சொற்களுக்கு மேல் திணித்தால் அது நோட்டீஸாகிவிடும்.

செலவுக் கணக்கை அச்சடிக்கும் முன்பே போட்டுவிடுங்கள். ஒரு பேச்சுக்கு, அச்சும் தபாற்கட்டணமும் சேர்த்து அட்டைக்கு 60 ரூபா என்றால் ஆயிரத்துக்கு 60,000 ரூபா. ஒரு கருவியில் மிஞ்சுவது 6,000 ரூபா என்றால், பத்துக் கருவிகள் விற்றால்தான் போட்ட காசு திரும்பும். இந்தப் பத்துக்கு வழி தெரியாவிட்டால் முந்நூறு அட்டைகளோடு தொடங்குங்கள். இரண்டு தலைப்புகளை ஒப்பிட விரும்பினால் மூலையில் ‘அ’, ‘ஆ’ என்று சிறு குறி போட்டு, வருகிறவர்களின் அட்டைகளைச் சேர்த்து வையுங்கள். ஆனால் ஒன்றுக்கு ஐந்து பேரும் மற்றதற்கு ஏழு பேரும் வந்தார்கள் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அட்டைகள் வீடுகளுக்குப் போய்ச் சேரும் வாரத்தில் கடையில் பரிசோதனைப் பெட்டியும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் காலை முதல் மாலை வரை இருக்கவேண்டும். போத்தலோடு வந்த அம்மாவை ‘நாளைக்கு வாருங்கோ’ என்று அனுப்பினால், அவர் அந்த ஒழுங்கை முழுவதற்கும் சொல்லிவிடுவார்.