ஒரு கோர் கொதிக்குது, பக்கத்து கோர் சும்மா இருக்கு

வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல லேப்டாப் சூடு பத்திதான். ஸ்கூல் லீவு, வெயில் வேற, வீட்டுல பிள்ளைங்க நாள் முழுக்க கேம், அதனால இப்படி ஆகும்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஒரு தம்பி எழுதினதுல விசயம் நிறைய இருக்கு, அதை முதல்ல எடுத்துக்கிறேன்.

கேள்வி: அண்ணே வணக்கம். நான் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துல இருக்கேன், அப்பா குலை வெட்டுற வேலை. மூணு வருசத்துக்கு முன்னாடி கட்டுக்காசு போட்டு எனக்கு ஒரு கேமிங் லேப்டாப் வாங்கிக் கொடுத்தாரு, பிராசசர் இன்டெல் கோர் ஐ7 12700எச். காலேஜ் வேலையும் அதுலதான், வீடியோ எடிட்டிங்கும் அதுலதான், ராத்திரி கூட்டாளிங்களோட கேம். ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு கூட்டாளி கழட்டி தூசி எடுத்து, சூடு கடத்துற பேஸ்ட் புதுசு போட்டு, அதே வேலை செய்யுற ரப்பர் மாதிரி பழைய பேடையும் மாத்திக் கொடுத்தான். அதுக்கப்புறம்தான் தொல்லை. கேம் ஆரம்பிச்ச கையோட 99 டிகிரி, காத்தாடி ஏரோப்ளேன் மாதிரி கத்துது, ஆட்டம் திக்கித் திக்கி ஓடுது. எச்டபிள்யூஇன்ஃபோன்னு சூடு காட்டுற சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தா, பிராசசருக்குள்ள தனித்தனியா வேலை செய்யுற கோர்ங்கள்ல ஆறு பெரிய கோர்ல 80, 82, 99, 98, 84, 79ன்னு காட்டுது, சின்ன கோர் எல்லாம் 75 சொச்சம். பேக்கேஜ் பவர், அதாவது பிராசசர் மொத்தமா இழுக்கிற பவர், 38 வாட். பட்டணத்துல ஒரு கடையில காட்டினேன், பிராசசர் போச்சு, போர்டு மாத்தணும், 1,800 வெள்ளின்னு சொல்லிட்டாங்க. அப்பாகிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல.

பதில்: தம்பி, அப்பாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். உன் பிராசசர் உசிரோடதான் இருக்கு. செத்த பிராசசர் இப்படி அழகா ஆறு கோருக்கும் நம்பர் காட்டிக்கிட்டு இருக்காது. 12700எச்க்கு இன்டெல் வச்சிருக்கிற உச்சவரம்பு 100 டிகிரி, அதைத் தொட்டா தானா வேகத்தைக் குறைச்சு தன்னைக் காப்பாத்திக்கும், நீ பார்க்கிற திக்கல் அதுதான். த்ராட்டில்ஸ்டாப்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல லிமிட்ஸ் பட்டனைத் தட்டினா தெர்மல்னு சிவப்பு விழும், அதைப் பார்த்து நீயே உறுதி பண்ணிக்கலாம். (ஏஎம்டி பிராசசர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, உங்க உச்சவரம்பு மாடலுக்கு மாடல் வேற, ரைசன் 5000 எச் வரிசைக்கு 105, 6000 எச் வரிசைக்கு 95, அதனால பக்கத்து வீட்டு லேப்டாப்போட ஒப்பிட்டு பயப்படாதீங்க.)

எல்லாரும் 99ன்னு ஒரு நம்பரைப் பார்த்து பதறுறாங்க, ஆனா அந்த ஒரு நம்பரை மட்டும் வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. 99 டிகிரி 90 வாட்டுல வந்தா அந்த லேப்டாப் கடுமையா உழைக்குதுன்னு அர்த்தம், அந்த சிப் கொஞ்ச நேரத்துக்கு 115 வாட் வரைக்கும் இழுக்கலாம்னுதான் இன்டெல்லே சொல்லுது. 99 டிகிரி 38 வாட்டுல வந்தா அது நோய். அந்த சிப்போட அடிப்படை பவரே 45 வாட், அதைக்கூட உன் லேப்டாப்பால குளிரவைக்க முடியல. நீ வாட்டையும் சேர்த்து எழுதி அனுப்பின பாரு, அதுலதான் எனக்கு பாதி விசயம் புரிஞ்சது.

மீதி பாதி கோருக்கு கோர் உள்ள வித்தியாசம். இதுல நிறைய பேரு தப்பா பார்த்து கவலைப்படுறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். சும்மா இருக்கும்போது ஒண்ணு 45 ஒண்ணு 53ன்னு காட்டினா அதை விட்டுடுங்க, ஏன்னா உள்ள இருக்கிற சென்சார் உச்சவரம்புக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு எண்ணித்தான் சொல்லுது, சூடு ஏற ஏற சரியா சொல்லும், குளிர்ல அவ்வளவு நம்பிக்கை இல்ல. பெரிய கோரை சின்ன கோரோட ஒப்பிடக் கூடாது, பெரியது அதிகமா கரண்ட் தின்னும், அதிகமா சுடும். ஓரத்துல இருக்கிற கோர் நடுவுல இருக்கிறதைவிட கொஞ்சம் குளிர்ச்சியாதான் இருக்கும், நடுவுல இருக்கிறதுக்கு சுத்தியும் அடுப்பு. அதோட ஒரு புரோகிராம் ஒண்ணு ரெண்டு கோரை மட்டும் வேலை வாங்கினா அந்த ரெண்டு மட்டும் எகிறும், அதுவும் நோய் இல்ல. அதனால எல்லா கோருக்கும் ஒரே மாதிரி வேலை கொடுத்துதான் பார்க்கணும், சினிபெஞ்ச் ஆர்23ன்னு ஒரு டெஸ்ட் சாஃப்ட்வேரை பத்து நிமிசம் ஓட விட்டா போதும், ஓடும்போது பெரிய கோர்ங்களுக்குள்ள 5லேர்ந்து 10 டிகிரி வித்தியாசம் இருந்தா நான் லேப்டாப்பை மூடி திருப்பிக் கொடுத்துடுவேன். 15க்கு மேல போனா ஸ்குரு டிரைவரை எடுப்பேன். உனக்கு 20, தம்பி.

காத்து அடைச்சுக்கிட்டா எல்லா கோரும் சேர்ந்து சுடும். ரெண்டு கோர் மட்டும் கொதிச்சு மத்தது சும்மா இருந்தா, அந்த ரெண்டு கோருக்கு மேல ஹீட்சிங்க், அதாவது சூட்டை இழுத்து காத்தாடி பக்கம் கொண்டு போற செம்பு தகடும் பைப்பும், சரியா உக்காரலன்னு அர்த்தம். இதை வேற வழியிலயும் பார்க்கலாம், டெஸ்ட் ஆரம்பிச்ச ஒரு நொடியிலயே 60லேர்ந்து 97க்கு குதிச்சு, நிறுத்தின உடனே தடால்னு இறங்கினா சூடு சிப்பை விட்டு வெளியவே போகல. மெதுவா அஞ்சு ஆறு நிமிசத்துல ஏறி, நிறுத்தினாலும் மெதுவாத்தான் இறங்குதுன்னா சூடு செம்பு பைப் வரைக்கும் வந்துடுச்சு, வெளிய தள்ளுற காத்துதான் பத்தல. பின்னாடி காத்து வர்ற எடத்துல கைய வச்சுப் பாரு. சிப் 99ல இருக்கு, காத்தாடி முழு வேகத்துல சுத்துது, ஆனா வர்ற காத்து வெதுவெதுப்பா மட்டும் இருந்தா, சிப்புக்கும் பைப்புக்கும் நடுவுலதான் கோளாறு. காத்து கை சுடுற மாதிரி வந்தா, இல்ல வரவே இல்லன்னா, தூசி.

போன வருசம் இதே மாதிரி ஒரு லேப்டாப்பை நான் கழட்டினேன், அதுவும் யாரோ பேஸ்ட் மாத்தினதுதான். ஹீட்சிங்கைத் தூக்கினதும் சிப்போட ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, பேஸ்ட்டே இல்ல, எல்லாம் ஓரத்துக்குப் பிதுங்கி வரம்பு கட்டின மாதிரி நின்னுச்சு. எதிர் மூலையில பேஸ்ட் சாம்பல் நிறத்துல தடியா அப்பிக்கிட்டு இருந்துச்சு, அதாவது அந்தப் பக்கம் ஹீட்சிங்க் அழுந்தவே இல்ல. ஏன்னு தேடினா, பக்கத்துல கிராபிக்ஸ் மெமரி மேல ஒட்டியிருந்த பேட். கம்பெனி வச்சிருந்தது 1 மில்லிமீட்டர், மாத்தினவரு கடையில கிடைச்ச 1.5 மில்லிமீட்டரை ஒட்டிட்டாரு. அரை மில்லிமீட்டர்தான், ஆனா ஒரு கால் மட்டும் உயரமான மேசை மாதிரி ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கிச்சு. உனக்கும் கூட்டாளி பேட் மாத்தினான்னு எழுதியிருக்க பாரு, நான் முதல்ல சந்தேகப்படுறது அதைத்தான். ரெண்டாவது, ஸ்குருவை வரிசையா ஒவ்வொண்ணா முழுசா முடுக்கியிருப்பான். மூணாவது, தண்ணியா இருக்கிற பேஸ்ட் போட்டிருப்பான். லேப்டாப் சிப்புக்கு மேசை கம்ப்யூட்டர் மாதிரி மேல உலோக மூடி கிடையாது, சூடாகி ஆறி சூடாகி ஆறி அந்த தண்ணி பேஸ்ட் மெல்ல மெல்ல ஓரத்துக்கு ஓடிடும், போட்ட அன்னிக்கு நல்லா இருக்கும், நாலஞ்சு மாசத்துல பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடும்.

சரி பண்றதுக்கு: முழுசா ஆஃப் பண்ணு, சார்ஜரைக் கழட்டு, அடி மூடியைத் திறந்ததும் முதல் வேலையா பேட்டரி வயரைப் பிடுங்கு, இதை மட்டும் மறந்துடாதே. ஹீட்சிங்க் ஸ்குரு பக்கத்துல 1, 2, 3, 4ன்னு நம்பர் இருக்கும், முடுக்கும்போது அந்த வரிசையில, ஒவ்வொண்ணையும் அரைச் சுத்து மட்டும், திரும்பவும் முதல்லேர்ந்து அரைச் சுத்து, இப்படி கொஞ்சம் கொஞ்சமா நாலும் சேர்ந்து இறங்கணும், கழட்டும்போதும் அதே பொறுமை. பழசை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடை. பேடோட தடிப்பு உன் மாடலுக்கு எவ்வளவுன்னு தெரியாம புதுசு ஒட்டாதே, தெரியலன்னா தெர்மல் புட்டின்னு மாவு மாதிரி ஒண்ணு விக்கிறாங்க, அது எடத்துக்கு ஏத்த மாதிரி நசுங்கிக்கும், ஹீட்சிங்கைத் தூக்காது. சிப்புக்கு நான் இப்பல்லாம் ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட்தான் வைக்கிறேன், அது 45 டிகிரி பக்கம் இளகி சந்து பொந்தெல்லாம் நிரப்பிக்கும், பிதுங்கி ஓடாது. வச்ச உடனே ரிசல்ட் பார்க்காதே, ரெண்டு மூணு தடவை சூடாகி ஆறட்டும். பேஸ்ட்டே போடுறதா இருந்தா கெட்டியான பேஸ்ட், சிப் முழுக்க மெல்லிசா பரப்பிப் போடு, நடுவுல பொட்டு வச்சா மூலைக்குப் போகாது.

ஒண்ணே ஒண்ணு, திறந்தா உள்ள பாதரசம் மாதிரி வெள்ளியா ஓடினா தொடாதே, அது லிக்விட் மெட்டல், சில கேமிங் லேப்டாப்ல கம்பெனியிலயே போட்டு வருது, கரண்ட் பாயும், போர்டு மேல ஒரு சொட்டு விழுந்தா கதை முடிஞ்சது, அலுமினியத்தையும் அரிச்சிடும். அதைப் பழக்கப்பட்டவங்ககிட்ட கொடு. கைக்கு நடுக்கம்னாலும் கொடு, ஆனா போர்டு மாத்துன்னு சொல்லாம, "ஹீட்சிங்க் உக்காந்திருக்கிறதைப் பாருங்க, பேட் தடிப்பைப் பாருங்க"ன்னு சொல்லிக் கொடு. கழட்டிப் பார்க்காமலே 1,800 வெள்ளி சொல்ற எடத்துல ஒரு குடும்பத்தோட உழைப்பை வைக்கக் கூடாது, எனக்கு இதைக் கேக்கும்போதெல்லாம் வயிறு எரியுது.

கேள்வி: பாகான் டத்தோவிலேர்ந்து ஒரு அம்மா எழுதுறேன் தம்பி. மகன் மெத்தை மேல லேப்டாப்பை வச்சுத்தான் விளையாடுறான், கீபோர்டு கை வைக்க முடியல. அடியில துணியில ஐஸ் கட்டி சுத்தி வைக்கிறான், அது சரியா? ஏர்கோன் போடுற அளவுக்கு எங்களுக்கு வசதி இல்ல.

பதில்: அக்கா, ஐஸை இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. ஐஸ் தண்ணி கிளாஸ் வெளிய வேர்க்குது பாருங்க, நம்ம ஊரு ஈரக் காத்துக்கு லேப்டாப்புக்குள்ளயும் அதே மாதிரி வேர்க்கும், அந்தத் தண்ணி போர்டுல இறங்கினா காப்பாத்த முடியாது. மெத்தையும் ஆகாது, காத்து இழுக்கிற ஓட்டை அடியிலதான் இருக்கு, மெத்தை அதை அப்படியே மூடிடும். ஒரு மேசை, இல்ல ஒரு பலகை, லேப்டாப்போட பின்பக்க ரெண்டு மூலைக்கு அடியில ஒரே உயரத்துல ரெண்டு மரக்கட்டை, ரெண்டு மூணு சென்டிமீட்டர் தூக்கினா போதும். காசு செலவில்லாம இதுலயே நல்ல வித்தியாசம் தெரியும். தகரக் கூரை வீட்டுல மத்தியானம் அறை 34 டிகிரி இருந்தா ராத்திரி 26 இருக்கும்போது ஆடுறதைவிட சிப்பும் கிட்டத்தட்ட அந்த எட்டு டிகிரி கூடுதலாத்தான் இருக்கும், அதனால கனமான கேம் எல்லாம் ராத்திரி கொஞ்ச நேரம்னு பேசி வைங்க.

இன்னொண்ணு கேக்குறேன், அந்த அறையில கொசுவத்தி கொளுத்துவீங்களா, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவீங்களா? போடுங்க, ஆனா அந்த நேரம் லேப்டாப் ஓடாம மூடி இருக்கட்டும். நம்ம பக்கத்து வீடுகள்லேர்ந்து வர்ற லேப்டாப்பைத் திறந்தா தூசி பொடியா இருக்கிறதில்ல, புகை ஒட்டி பிசுக்கு பிடிச்சு, காத்தாடிக்கும் செம்பு தகட்டுக்கும் நடுவுல கம்பளித் துண்டு மாதிரி உரிஞ்சு வருது. வெளியிலேர்ந்து ஊதினா அது போகாது, காத்தாடியைக் கழட்டித்தான் எடுக்கணும், வருசத்துக்கு ஒரு தடவை. ஊதுறதா இருந்தாலும் காத்தாடியை விரலால பிடிச்சுக்கிட்டு ஊதச் சொல்லுங்க, கண்டபடி சுத்தவிட்டா பேரிங் போயிடும்.

கேள்வி: அண்டர்வோல்ட் பண்ணா, அதாவது பிராசசருக்குப் போற வோல்டேஜைக் குறைச்சா, சூடு குறையும்னு கேள்விப்பட்டேன், ஆனா என் லேப்டாப்ல அந்த பகுதி சாம்பல் நிறமா பூட்டியிருக்கு. லேப்டாப்புக்கு அடியில வைக்கிற காத்தாடி பலகை, அந்த கூலிங் பேட் வாங்கலாமா? (தெலுக் இந்தான் வாசகர்)

பதில்: பூட்டினதுக்குக் காரணம் இருக்கு. 2019 டிசம்பர்ல பிளண்டர்வோல்ட்னு ஒரு பாதுகாப்பு ஓட்டையை ஆராய்ச்சியாளர்கள் வெளிய சொன்னாங்க, வோல்டேஜைக் குறைச்சு சிப்போட ரகசியத்தைத் திருட முடியும்னு, அதுக்கப்புறம் நிறைய இன்டெல் லேப்டாப்ல பயாஸ்ங்கிற அடிப்படை சாஃப்ட்வேர் வழியா அந்தக் கதவை மூடிட்டாங்க. பழைய பயாஸுக்குப் போய் திறக்கிற வேலையில இறங்காதீங்க. அதுக்குப் பதிலா விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்டை 100லேர்ந்து 99 ஆக்குங்க, டர்போ, அதாவது சிப் தானா வேகத்தைக் கூட்டிக்கிறது, நின்னுடும், பத்து இருபது டிகிரிகூட இறங்கலாம், கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடுற கேம்ல வேகம் பெருசா குறையாது. கேம் செட்டிங்ல எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை படம்ங்கிற கணக்கு) 60ன்னு கட்டி வைங்க, அவசியமில்லாத 140க்காக சிப்பை வேக வைக்க வேணாம். கூலிங் பேட் தூசி இல்லாத, பேஸ்ட் நல்லா இருக்கிற லேப்டாப்புக்கு கொஞ்சம் உதவும். கோளாறு உள்ள லேப்டாப்புக்கு வாங்கினா காசுதான் போகும்.

கேள்வி: கேம் எதுவும் ஆடல, சும்மா திறந்து வச்சாலே 75 டிகிரி. டாஸ்க் மேனேஜரைத் திறந்தா மட்டும் காத்தாடி அடங்கிடுது. (சபாக் பெர்ணம் வாசகர்)

பதில்: ஓசியில இறக்கின கேம் ஏதாவது போட்டீங்களா? டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்குதுன்னா உள்ள திருட்டுத்தனமா டிஜிட்டல் காசு தோண்டுற மைனர்ங்கிற புரோகிராம் ஒளிஞ்சிருக்கலாம், யாரோ ஒருத்தருக்காக உங்க சிப்பும் உங்க கரண்ட் பில்லும் ஓடிக்கிட்டு இருக்கு. டாஸ்க் மேனேஜரைத் திறக்காம எச்டபிள்யூஇன்ஃபோவுல சிபியு யூசேஜைப் பாருங்க, சும்மா இருக்கும்போதே 50 சதவீதத்துக்கு மேல நின்னுக்கிட்டே இருந்தா மைனரா இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் டிஃபெண்டர்ல ஆஃப்லைன் ஸ்கேன்னு இருக்கு, அதை ஓட்டுங்க. அதுலயும் போகலன்னா படம், டாக்குமென்ட் எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு விண்டோஸை புதுசா போட்டுடுங்க, அந்த கேமைத் திரும்ப ஏத்தாதீங்க. பேங்க் பாஸ்வேர்டை வேற ஒரு கைப்பேசியிலேர்ந்து அன்னிக்கே மாத்திடுங்க.