நகையை வைத்துப் பார்லியும் பட்டாணியும் போடலாமா?

கேள்வி: ஊட்டிக்கு அந்தப் பக்கம் எமரால்டு அருகே எங்களுக்கு 50 சென்ட் தோட்டம், மூன்று கறவை மாடு. பால் காசெல்லாம் தீவன மூட்டைக்கே போகிறது. கிலோ 32 ரூபாய். பார்லியும் பட்டாணியும் கலந்து விதைத்து அறுத்துப் போட்டால் மூட்டையே வேண்டாம் என்கிறார் கொழுந்தனார். கேரட்டை விட்டுவிட்டு, 40,000 ரூபாய் நகைக்கடன் வாங்கி இதில் இறங்கலாமா?

பதில்: பயிரைப் பற்றிக் கொழுந்தனார் சொல்வது சரி. தனியாகப் போட்டால் சாய்ந்துவிடும் பட்டாணி, பார்லித் தாளைப் பற்றிக்கொண்டு நிற்கும். வேரில் தழைச்சத்தைச் சேர்ப்பதால் யூரியாச் செலவும் குறையும். உங்கள் மலைக்குப் பார்லி புதிதும் இல்லை. படுகர் ஊர்களில் முன்பு சாப்பாட்டுக்கே விளைந்ததுதான்.

"மூட்டையே வேண்டாம்" என்பதுதான் இடிக்கிறது. 50 சென்ட்டில் நாலரை டன் பசுந்தீவனம் வருவதாக வையுங்கள். மாட்டுக்கு 30 கிலோ வீதம் நாளைக்கு 90 கிலோ. ஐம்பதே நாளில் தீர்ந்துவிடும். அந்த 30 கிலோவில் 24 கிலோ தண்ணீர். மீதி 6 கிலோவில் புரதம் 14 சதவீதம் என்றால் 840 கிராம். ஆனால் இப்போது அறுத்துப் போடும் புல்லிலும் 8 சதவீதம், அதாவது 480 கிராம் இருக்கிறதே! கூடுதலாகக் கிடைப்பது 360 கிராம்தான். 20 சதவீதப் புரதமுள்ள மூட்டைத் தீவனத்தில் அது 1.8 கிலோ. பால் குறையாமலிருக்க ஒன்றரைக் கிலோவை மட்டும் குறைப்போம். மூன்று மாட்டுக்கும் நாளைக்கு 144 ரூபாய் மிச்சம். 50 நாளைக்கு 7,200. (நீங்கள் புல்லுக்கு ஏறி இறங்கும் நேரத்துக்கு நான் காசு போடவில்லை.)

விதை, உழவு, கூலி எல்லாம் இந்த 7,200-க்குள் அடங்க வேண்டும். காட்டெருமை இறங்கும் இடமானால் வேலிச் செலவும் சேரும். இதற்கு 40,000 கடனா? நகை வீட்டிலேயே இருக்கட்டும், கேரட்டும் நடக்கட்டும். பணம் தேவைப்பட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது.

கேரட் எடுத்தபின் சும்மா கிடக்கும் 10 சென்ட்டில் முதலில் போட்டுப் பாருங்கள். 900 கிலோ வந்தால் ஒரு மாட்டுக்கு 30 நாள். காய்கறிப் பட்டாணி விதைப் பாக்கெட் விலை கட்டாது. மளிகைக் கடைப் பட்டாணி என்றால் 100 மணியை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள். 80-க்குக் குறைந்தால் வேண்டாம். உறைபனி பூவில் விழுந்தால் பட்டாணி போச்சு, ஆகவே டிசம்பருக்கு முன் அறுக்கும்படி விதையுங்கள். பார்லி மணியை நசுக்கினால் பால் போய் மாவு வரும் பக்குவம்தான் அறுவடை. முற்றவிட்டால் கதிரின் மீசை மாட்டின் வாயைக் குத்தும்.

அந்த ஒரு மாட்டின் பாலைத் தினமும் நோட்டில் எழுதுங்கள். மூட்டைத் தீவனத்தைக் கால் கிலோ கால் கிலோவாகக் குறையுங்கள். பால் இறங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். 30 நாள் கணக்கை எனக்கு எழுதுங்கள், மீதி 40 சென்ட்டைப் பிறகு பேசுவோம்.